யோவான் துண்டு பி52 உண்மையிலேயே கி.பி. 125-இல் எழுதப்பட்டதா?

யோவான் சுவிசேஷப் பிரதி ஒன்றின் துண்டான பி52 எழுதப்பட்டது கி.பி. 125 என்று முடிவாகிவிட்டதே, அப்புறம் ஏன் அதை மறுபடி ஆராய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வாலிபர் கூட்டத்தில் 125 என்று அடித்துப் பேசியவன்தான் நானும்.

மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு இது. சுமார் 8.9-க்கு 6 செ.மீ., ஏடிஎம் கார்டைவிடத் துளி பெரிது. 1920-இல் ஆய்வாளர் கிரென்ஃபெல் எகிப்தில் வாங்கியவற்றில் கிடந்ததை, பாப்பிரஸ் அறிஞர் காலின் ராபர்ட்ஸ் அடையாளம் கண்டு 1935-இல் வெளியிட்டார். இரண்டு பக்கமும் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் கிரேக்க வரிகள் இருப்பதால், சுருள் அல்ல, புத்தகத் தாள்.

தாளில் தேதி கிடையாது, எல்லாம் கையெழுத்தை வைத்துச் சொன்னதுதான். ராபர்ட்ஸ்கூட இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதி என்றுதான் சொன்னார், அதை 125 என்று உருட்டித் திரட்டியது பிறகு வந்தவர்கள். அவர் கையெழுத்தை ஒப்பிட்டவற்றில் ஒன்று எகர்ட்டன் பாப்பிரஸ், பெயர் தெரியாத ஒரு சுவிசேஷத்தின் துண்டுகள். அதே ஏட்டின் இன்னொரு துண்டு கொலோனில் இருப்பது 1987-இல் தெரியவந்தது. அதில் இரண்டு மெய்யெழுத்துகளுக்கு நடுவே ஒரு கொக்கிக் குறி இருந்தது, அந்தப் பழக்கம் பரவலானது மூன்றாம் நூற்றாண்டில் என்பதால் பலர் எகர்ட்டனை 200-ஐ ஒட்டித் தள்ளினார்கள். அளந்த கோலே நகர்ந்துவிட்டது!

2005-இல் ஆய்வாளர் பிரெண்ட் நோங்பிரி, தேதி போட்ட பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரைக்கும் இடம் விடவேண்டும் என்றார். கவனியுங்கள், பிந்தியது என்று அவர் சாதிக்கவில்லை. 2012-இல் ஒர்சினி, கிளாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 125 முதல் 175 என்றார்கள்.

கையெழுத்தை வைத்துக் காலம் சொல்வதில் இருக்கும் சிக்கலுக்கு ஓர் உதாரணம்: என் தாத்தா, 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பல வருஷம் கழித்தும், தும்பிக்கை போட்ட பழைய 'லை'யைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய 1996 கடிதத்தை எழுத்தை மட்டும் பார்த்துக் கணித்தால் இருபது வருஷம் பிசகும். அதற்காக 'பி52 மோசடி' என்று யூடியூபில் கத்துகிறவர்களையும் நம்பாதீர்கள். துண்டு அசல்தான், பிந்தியதாகவே வைத்தாலும் சுவிசேஷம் இயற்றப்பட்ட காலத்தை அது மாற்றாது, பிரதி வேறு மூலம் வேறு.

இன்னொரு விஷயம். பின்பக்கத்தில் 'அவரிடம் சொல்கிறான்' என்ற சொற்கள் தெளிவாக இருக்கின்றன. அடுத்து வரவேண்டியது இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து அவரிடம் கேட்ட 'சத்தியமாவது என்ன' என்ற கேள்வி. அந்த இடத்தில்தான் தாள் கிழிந்து போயிருக்கிறது.