மொரிஸ் மைனரின் முன் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் வீட்டிலேயே திருத்தலாமா?

திருகோணமலையில் அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் 1000 நிற்கிறது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தட்டுகிறது, ஸ்டியரிங்கிலும் ஆட்டம், கராஜுக்குக் கொடுக்காமல் நானே பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெயின்ட், குரோம் எல்லாவற்றுக்கும் முன், முன் சில்லின் கீழ் இணைப்பில் இருக்கும் புரி வெட்டிய துண்டான கீழ் ட்ரனியனைப் பாருங்கள். சில்லைத் தாங்கும் கிங்பின்னின் அடியில் புரி இருக்கும், அது ட்ரனியனுக்குள் திருகி நிற்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரியில்தான் சில்லு திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு மட்கார்டுக்குள் மடிந்து கார் தரையில் குந்திவிடும். மைனரில் உயிருக்கே ஆபத்தான இடம் இதுதான், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின், ட்ரனியன் பக்கம். இடம் வலமாக ஆட்டும்போது வருகிற ஆட்டம் பெரும்பாலும் சில்லைத் திருப்பும் கம்பியான டை ரொட்டின் முனையிலோ, அந்தக் கம்பிகளை இடம் வலமாகத் தள்ளும் பல் தண்டான ஸ்டியரிங் ரக்கிலோ இருக்கும். ரக்கின் றப்பர் உறை கிழிந்திருந்தால் ஒயில் வெளியே போய், நம் ஊர் மணல் உள்ளே போயிருக்கும், உறையை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, ரக்கையும் கழுவிப் பார்க்க வேண்டும்.

பிரிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அலெக் இசிகோனிஸ் 1948-இல் வந்த முதல் மைனரிலேயே நீளமான டோர்ஷன் பாரைத்தான் வைத்தார், அந்தத் தண்டு முறுக்குப்படுவதுதான் ஸ்பிரிங். காரை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகும் அதில் விசை இருக்கும், ஆகவே சில்லைக் கீழிருந்து தாங்கும் கீழ்க் கையின் அடியில் இன்னொரு ஜக்கைக் கொடுத்து, மேல் இணைப்பைக் கழற்றி, மெல்ல மெல்ல இறக்குங்கள். தண்டை இடது வலது மாற்றிப் போடக் கூடாது, கழற்றுமுன் அடையாளம் போட்டு வையுங்கள். அதன் மேல் உளி, வெல்டிங், சூடு எதுவும் படக் கூடாது, சின்னக் கீறலில் தொடங்கியே உடைந்துவிடும். நம் வளவு மணல் தரை என்பதால் ஸ்டாண்டின் அடியில் தடித்த பலகை வையுங்கள், சீமெந்துக் கல்லை நம்பிக் காரின் கீழே படுக்கவே வேண்டாம்.

முன் சொக் அப்சோபரின் கைதான் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. ஒயில் குறைந்திருந்தால் ஊற்றிப் பார்க்கலாம், அந்தக் கை திரும்பும் சொக்கின் தண்டு தேய்ந்து ஆடினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. புஷ், ட்ரனியன், கிங்பின் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரியுங்கள். வலதுக்கும் இடதுக்கும் புரி வேறு, பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் பின்பக்கம். அங்கே லீஃப் ஸ்பிரிங் மட்டும்தான், ஆனால் அது தொங்குகிற இடத்து இரும்பு கடல் காற்றில் அரித்திருந்தால் முதலில் வெல்டிங் வேலையை முடிக்க வேண்டும்.

றப்பர் புஷ் நட்டுகளைக் கார் சில்லில் நிற்கும்போது இறுக்குங்கள், தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னைப் புதிதாகவே போடுங்கள். கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தூக்கி, பாரம் இல்லாமல் அடித்தால்தான் புரிக்குள் முழுதாகப் போகும். 1,000 மைலுக்கு ஒருமுறை அடியுங்கள், அதாவது கொழும்புக்கு மூன்று தரம் போய் வருகிற தூரம். மாரி மழையில் தண்ணீருக்குள் ஓடினால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

முன் சில்லுகளின் முன்விளிம்புகள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, டோ-இன் என்பார்களே, 3/32 அங்குலம். நூல் கட்டி வீட்டிலேயே கிட்டத்தட்ட வைக்கலாம், பிறகு அலைன்மென்ட் செய்யும் இடத்தில் காட்டிச் சரிபாருங்கள். முதல் ஓட்டத்தை உவர்மலை ஏற்ற இறக்கத்தில் வைக்காமல் நிலாவெளி வீதியில் மெதுவாக ஓட்டி, திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.