கேள்வி-பதில்: கைப்பையைப் பிடித்தபடி இரண்டரை மணி நேரம்

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் இருக்கும் என் தோழியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். பத்தாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போனபோது, கையில் காசில்லாமல் கொலம்பஸ் ராட்டினத்தை வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். 'ஒருநாள் நாம ரெண்டு பேரு மட்டும் வந்து எல்லாத்துலயும் ஏறோணும்' என்று அன்று பேசிக்கொண்டது போன காலாண்டு விடுமுறையில்தான் நடந்தது. அவள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்தாள், நான் குன்னூரில் ஏறிக்கொண்டேன். ஊட்டியில் இரண்டாம் நாள் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். ராட்டின வரிசையில் நிற்கும்போது, 'பையைப் புடிடி, இதா வந்தர்றேன்' என்று போனவள் இரண்டரை மணி நேரம் வரவில்லை. போனும் பைக்குள்ளேயே இருந்தது. மூடுபனி இறங்கி ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள். அப்போது அவள் தம்பி அழைத்தான். 'அக்கா ராட்டினத்துல இருக்காப்பா' என்று பொய் சொன்னேன். கடைசியில் ஒருவரோடு வந்தாள். கூட வேலை பார்ப்பவராம், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். அவர் காருக்கு இ-பாஸைப் பத்து நாளைக்கு முன்பே இவள்தான் எடுத்திருக்கிறாள். என்னை மறைப்பாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் கணவர் இறந்து நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். தம்பியிடம் உண்மையைச் சொல்லட்டுமா? அவள் ஸ்வெட்டர் என்னிடம் இருக்கிறது. அதைக் கூரியரில் அனுப்பிவிட்டு இந்த நட்பை முடித்துக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: முதலில் தம்பி விஷயம். சொல்லாதீர்கள். தன் கல்யாணச் செய்தியை எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பது உங்கள் தோழியின் பொறுப்பு. நீங்கள் முந்திக்கொண்டால் அது கோள் சொன்னதாகத்தான் முடியும். அன்று சொன்ன பொய்யை நினைத்து மருக வேண்டாம். தோழி எங்கே என்றே தெரியாத பதற்றத்தில், கையில் அவளுடைய போன் அடித்துக்கொண்டிருக்கும்போது வாயில் வந்த வார்த்தை அது. ஆனால் இன்னொரு முறை சொல்லாதீர்கள். அவன் மறுபடி கேட்டால், "அதை அக்காகிட்டயே கேட்டுக்கப்பா" என்றால் போதும். இதைத் தோழியிடமும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். 'உனக்காக வாயை மூடிக்கொண்டிருப்பேன், பொய் மட்டும் இனிமேல் சொல்ல மாட்டேன்' என்று.

இனி உங்கள் கோபம். அது நியாயமான கோபம், அதை யாரும் சின்னதாக்க நான் விட மாட்டேன். நம் ஊரில் இந்த மாதத்து மதியப் பனி எப்படி இறங்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். கண் முன்னால் நின்ற ராட்டினம் ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகும். இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நுணுக்கி எழுதியதை மட்டும் இங்கே சேர்த்தே ஆக வேண்டும். பெண்கள் கழிப்பறை வாசல் வரை போய் அவள் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டதாகவும், எங்காவது மயங்கி விழுந்துவிட்டாளோ என்று வயிறு கலங்கியதாகவும், அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டிக்கெட் கவுன்டர் கூரைக்குக் கீழே நின்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தியை இப்படி நிற்க வைத்துவிட்டுப் போவது தப்பு. காதலில் இருப்பவளுக்கு நேரம் போவது தெரியாது என்பார்கள். கூட வந்தவள் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். இ-பாஸும் அப்படித்தான். 2024 மே 7 முதல் வெளியூர்ச் சுற்றுலா வண்டி எதுவும் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ பாஸ் இல்லாமல் ஏற முடியாது. எப்படியும் எடுத்தாக வேண்டிய ஒன்றுதான் அது. ஆனால் பத்து நாளைக்கு முன்னால் பாஸ் எடுக்க முடிந்தவளுக்கு, அன்றைக்கே உங்களுக்கு ஒரு போன் போட்டு 'அவரும் வருவாருடி' என்று சொல்ல முடிந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசியாக வேண்டும்.

நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். எத்தனை வருஷம் ஆனால் சரி, அம்மா? ஐந்தா, பத்தா, மகளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை பிறந்த பிறகா? கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1856-இல். அதில் காத்திருப்புக் காலம் என்று எதையும் எழுதி வைக்கவில்லை. காலம் குறிப்பதெல்லாம் நாம்தான். தெருவும், சொந்தமும், சில சமயம் நெருங்கிய தோழியும்.

கடிதத்தில் நீங்களே எழுதிய இன்னொன்றையும் எடுத்துக் காட்டுகிறேன். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வெலிங்டன் தாண்டி அருவங்காடு வரும்போது அவள் ஜன்னலைப் பார்த்தபடி 'ஒன்னு சொல்லோணும்டி' என்று ஆரம்பித்திருக்கிறாள். நீங்கள், 'மாமியாரை நல்லாப் பாத்துக்கறயா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு கேத்தி வந்தது, லவ்டேல் வந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசோடுதான் கேட்டீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். 'நீ இன்னும் அந்த வீட்டு மருமகள்' என்றுதான் கேட்டிருக்கும். தம்பிக்குப் பயந்து ஒளித்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு என்னவோ, அவள் அதிகம் பயந்தது உங்கள் முகத்துக்குத்தான் என்று படுகிறது. தம்பி கோபித்தால் ஒரு வருஷத்தில் சரியாகிவிடுவான். முப்பது வருஷத் தோழி முகம் சுளித்தால் அதை எங்கே போய் ஆற்றிக்கொள்வது?

என் பெரியம்மா 31 வயதில் கணவரை இழந்தவர். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார். அவருக்கு ஒரு தோழி, அடுத்த லைன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார். கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் கட்டி வந்த ஒரு முழம் மல்லிகையை எடுத்துப் பெரியம்மா தலையில் வைத்துவிடுவார். இரண்டு பேரும் டீயில் வர்க்கியை நனைத்துத் தின்றுகொண்டு என்னென்னவோ பேசிச் சிரிப்பார்கள். கிளம்பும் நேரத்தில் அந்தப் பூவை மெல்ல எடுத்து, இலையில் சுருட்டி, மடியில் முடிந்துகொண்டு போய்விடுவார். ஓர் இதழ்கூடத் தரையில் கிடக்காது. ஆறு வயசுப் பிள்ளை என்பதால் என்னை வெளியே அனுப்பாமல் விட்டுவிட்டார்கள், அதனால் பார்த்தேன். அந்த அம்மா பெரியம்மாவிடம் ஒருநாளும் 'எத்தனை வருஷமாச்சு' என்று கேட்டதில்லை. பெரியம்மா சாகும்வரை யாரிடமும் சொல்லாத எதையெல்லாமோ அவரிடம் சொல்லியிருந்தார் என்பது எங்களுக்குக் காரியம் முடிந்த பதினாறாம் நாள்தான் தெரிந்தது.

உங்கள் தோழிக்கு அப்படி ஒரு கதவு தேவைப்பட்டது. அது உங்கள் வீட்டில் இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு வரவில்லை.

அதற்காக, அவள் என்ன செய்தாலும் தலையாட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. குன்னூர் நடைமேடையில் நின்றபோது பார்த்திருப்பீர்கள். கல்லாற்றிலிருந்து வரும் பல்சக்கரப் பாதையில் நீராவி இன்ஜின் ரயிலுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும். இறங்கும்போது அதே இன்ஜின் முன்னால் நின்று மொத்தப் பாரத்தையும் தாங்கிப் பிடிக்கும். பெட்டிகளில் பிரேக் பிடிக்கத் தனி ஆட்கள் வேறு. தோழிக்கு இரண்டு வேலையும் உண்டு. அந்த மனிதர் யார், முன்னால் கல்யாணம் ஆனவரா, ஆகியிருந்தால் அது முறையாக முடிந்ததா, மகளிடம் எப்படிப் பழகுகிறார், கடன் கிடன் உண்டா? இதில் ஒன்றையாவது கேட்டீர்களா? நாலு பக்கக் கடிதத்தில் அவரைப் பற்றி 'கூட வேலை பார்ப்பவர்' என்ற ஒரே தகவல்தான் இருக்கிறது. தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்ததற்குப் பதில் இதைக் கேட்டிருக்கலாம். அக்கறையோடு கேட்டால் அவள் பதில் சொல்வாள், சொல்ல ஆள் தேடித்தான் அலைந்துகொண்டிருக்கிறாள்.

சொத்து போய்விடும் என்று உறவில் யாராவது அவளைப் பயமுறுத்தினால், அதற்கும் நீங்கள் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் சொத்தில் மனைவிக்கு வந்துசேர்ந்த பங்கு மறுமணத்தால் கைவிட்டுப் போகாது.

திருக்குறளில் 'பழைமை' என்று ஓர் அதிகாரம், 81-ஆவது. நெடுநாள் நண்பர்கள் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றியது. நண்பர் நாம் வருந்தும்படி ஒன்றைச் செய்தால், அதை அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்று அதில் ஒரு குறள் சொல்கிறது. உங்கள் தோழியிடம் இரண்டுமே இருந்திருக்கிறது. 'இவள் எனக்காக நிற்பாள்' என்று கேட்காமலே பையைக் கொடுத்துவிட்டுப் போனது உரிமை. நின்றவள் என்ன பாடு பட்டாள் என்று யோசிக்காதது அறியாமை. முதலாவதை ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டாவதை அவளுக்குப் புரிய வையுங்கள்.

ஆகவே கூரியர் வேண்டாம். கோத்தகிரியில் காலையில் பஸ் ஏறினால் மேட்டுப்பாளையம் இறங்கி மதியச் சாப்பாட்டுக்குத் திருப்பூர் போய்விடலாம். மகள் கல்லூரிக்குப் போயிருக்கும் நாளாகப் பாருங்கள். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்வதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். யார் யாரை வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், போய் உட்கார்ந்து ஸ்வெட்டரைக் கையில் கொடுத்ததும், அந்தப் பனியில் கழிப்பறை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டதைச் சொல்லிவிடுங்கள். அது அவளுக்கு இன்னும் தெரியாது.