கல்யாணச் செலவை கார்டில் போட்டால் சிங்கப்பூர் டிக்கெட் கிடைக்குமா?

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். நகை இரண்டரை லட்சம், துணிமணி, இதர செலவு ஒன்றரை லட்சம் என்று நாலு லட்சம் ஆகும். எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் போனபோது கடை வாசலில் நின்ற ஒரு தம்பி கிரெடிட் கார்டு வாங்கச் சொன்னார். சேர்ந்ததும் 10,000 பாயின்ட், 90 நாளில் ஒன்றரை லட்சம் செலவழித்தால் இன்னொரு 10,000. "சிங்கப்பூருக்கு ரெண்டு டிக்கெட் இலவசம், ஏர்போர்ட் லவுஞ்சில் சாப்பாடும் இலவசம்" என்றார். வருடக் கட்டணம் 5,000 ரூபாய். மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். எப்படியும் செலவாகப் போகிற பணம், மொய் வந்ததும் கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். ஊர் தூத்துக்குடி என்பதால் வருடத்துக்கு மூன்று முறை ரயில் பயணமும் உண்டு. வாங்கலாமா?

பதில்: அந்தக் கார்டு வேண்டாம், சகோதரி. மகனைப் பார்க்கப் போக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடாதீர்கள். அதற்கு இது வழியில்லை என்றுதான் சொல்கிறேன்.

20,000 பாயின்ட் என்றதும் மனம் தானாக 20,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுவிடும். வங்கியின் கார்டு பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த ஒரு தப்புக் கணக்கில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். பாயின்ட் என்பது ரூபாய் இல்லை. பல சாதாரண கார்டுகளில் ஒரு பாயின்ட்டின் மதிப்பு 20 பைசா, 25 பைசா. 25 பைசா என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20,000 பாயின்ட்டும் சேர்ந்தால் 5,000 ரூபாய். கட்டணம் 5,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 900, ஆக நீங்கள் கொடுப்பது 5,900. கையை விட்டுப் போவதுதான் அதிகம். பாயின்ட்டை விமான கம்பெனியின் கணக்குக்கு மாற்றினால் மதிப்பு கூடும் கார்டுகளும் உண்டு. அப்போதும் இலவச டிக்கெட் என்பது அடிப்படைக் கட்டணத்துக்குத்தான். வரியும் இதர கட்டணங்களும் நம் கையிலிருந்துதான் போகும். ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை பைசா என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? போட மாட்டார்கள். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில், இருபதாம் பக்கத்தில் இருக்கும்.

அடுத்து நகை. நகைக் கடையில் கார்டை நீட்டினால் பல இடங்களில் 2 சதவீதம் கூடக் கேட்பார்கள். இரண்டரை லட்சத்துக்கு அது 5,000 ரூபாய். உங்களுக்குக் கிடைப்பது என்ன? 100 ரூபாய்க்கு 2 பாயின்ட் என்றால் 5,000 பாயின்ட், அதாவது 1,250 ரூபாய். சில கார்டுகளில் நகைக்குப் பாயின்ட்டே கிடையாது. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது இவற்றுக்கும் அப்படித்தான். நகைக்கான பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடைக்கு அனுப்பிவிட்டு, பக்கா பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொய் வந்ததும் கட்டலாம் என்கிற யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கார்டு பில்லுக்குக் கெடு தேதி ஒன்று உண்டு, அது முகூர்த்த நாளைப் பார்த்து நகராது. பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று 20,000 ரூபாய் போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. அபராதம் மட்டும்தான் வராது, வட்டி வரும். அதுவும் கெடு தேதியிலிருந்து இல்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே. மாதம் 3.75 சதவீதம் என்றால் நாலு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 15,000, அதற்கு ஜிஎஸ்டி 2,700, மொத்தம் 17,700 ரூபாய். பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் கால் கிலோ காபித் தூளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். முழுப் பில்லையும் கெடுவுக்குள் கட்ட முடியும் என்ற உறுதி இல்லாதவர்களுக்குப் பாயின்ட் என்ற பேச்சே வேண்டாம்.

கணவரிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். கல்யாண வீட்டில் கைப்பணம் குறையும் நேரம் பார்த்து யாராவது வருவார்கள். "கார்டை என் மெஷின்ல ஒரு இழுப்பு இழுங்க, ரெண்டு பர்சென்ட் கழிச்சுக் காசு தர்றேன், பாயின்ட்டும் உங்களுக்குத்தான்" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகப் பொய்ப் பில் போடும் வேலை அது. வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும், சேர்த்த பாயின்ட் எல்லாம் போகும். அதைவிட மோசம், உங்கள் கார்டு எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் அந்த ஆளின் செல்போனில் படமாக உட்கார்ந்திருக்கும். அடுத்த மாதம் பில் கட்டப் பணமில்லை என்றால் அவரே கட்டிவிட்டு மறுபடி இழுப்பார், மறுபடி 2 சதவீதம். இப்படிச் சுழற்றிச் சுழற்றியே வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து வருடங்கள் ஆகியும் அந்த இரண்டு பர்சென்ட் முடியவில்லை.

கடை வாசல் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கார்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிப் பிழைக்கிற பிள்ளை. ஆனால் ஆதார் நகலையும் ஓடிபியையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா? கார்டு வீட்டுக்கு வந்தாலும் பயப்பட வேண்டாம். 30 நாள் வரை நீங்கள் அதை இயக்காவிட்டால் வங்கி உங்களிடம் ஓடிபி சம்மதம் கேட்க வேண்டும். கொடுக்காதீர்கள், அவர்களே கட்டணமில்லாமல் மூடியாக வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய கார்டை மூடச் சொன்னாலும், பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. இதைச் சொல்லிக் கேட்காதவரை வாடிக்கையாளர் சேவையில் ஒரு நம்பரை அழுத்து, இன்னொரு நம்பரை அழுத்து என்று உங்களைச் சுற்ற வைப்பார்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. விவரம் கேட்க 14448.

லவுஞ்ச் சாப்பாடு? முந்தைய மூன்று மாதத்தில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் இப்போது பல கார்டுகளில் அனுமதி. உள்நாட்டு லவுஞ்சுக்கு உள்ள அனுமதி சிங்கப்பூர் விமானம் ஏறும் பக்கத்தில் செல்லாமல் போகலாம். வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் விஷயத்தில் பலன் தரக்கூடிய கார்டு ஒன்று இருக்கிறது, அது தூத்துக்குடி பயணத்துக்கு. ரயில் டிக்கெட்டுக்கென்றே வங்கியும் ஐஆர்சிடிசியும் சேர்ந்து தரும் கார்டுகளில், ஏசி வகுப்பு டிக்கெட்டை ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பும் கார்டு உண்டு. அங்கே ஒரு பாயின்ட் ஒரு ரூபாய், கட்டணமும் சில நூறு ரூபாய்தான். நாலு பேர், மூன்றாம் ஏசியில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் போக வர 8,000. வருடத்துக்கு மூன்று முறை 24,000. திரும்பி வருவது 2,400 ரூபாய் வரை. முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டு பேர் போகிற காசு. ஆனால் நன்றாகக் கவனியுங்கள். ஸ்லீப்பருக்கு இது கிடையாது. கவுன்டரில் எடுத்தாலும் கிடையாது. உங்கள் பெயரில் ஐஆர்சிடிசி கணக்கு வேண்டும், அதில் கார்டு இணைந்திருக்க வேண்டும், அந்தக் கணக்கில் நுழைந்து நீங்களே எடுக்க வேண்டும். தெருமுனையில் டிக்கெட் போட்டுத் தரும் கடையில் எடுத்தால் அவருக்குக் கூலி போகும், உங்களுக்குப் பாயின்ட் வராது. எடுக்கத் தெரியவில்லை என்றால் மகளிடம் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு சாயங்காலம் போதும். வருடத்துக்கு ஒரே முறைதான் போவீர்கள், அதுவும் ஸ்லீப்பரில் என்றால் இந்தக் கார்டும் வேண்டாம்.

சேர்ந்த பாயின்ட்டைப் பூட்டி வைக்காதீர்கள். பாயின்ட்டை வைத்திருக்கும் விமான கம்பெனியே நாளை இல்லாமல் போகலாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. நகையைப் போலப் பாயின்ட் வருடம் போகப் போக ஏறாது, மதிப்பைக் குறைக்க கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போதும். "உங்கள் பாயின்ட் இன்றோடு காலாவதி" என்று செல்போனுக்கு ஒரு லிங்க் வந்தால் மட்டும் தொடாதீர்கள். அது திருடன் அனுப்புவது. தெரியாமல் தொட்டுப் பணம் போனால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு, அந்த 5,900 ரூபாயை இன்றே தனியாக எடுத்து வையுங்கள், நகைக் கடையில் மிச்சமான 5,000-ஐயும் அதோடு சேருங்கள். பள்ளிக்கூட விடுமுறை இல்லாத மாதமாகப் பார்த்து, மகனையே விமான கம்பெனியின் சொந்தத் தளத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே போய் இந்தியக் கார்டைத் தேய்த்தால் பெரும்பாலும் 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், 50,000 ரூபாய்க்கு 2,065 ரூபாய். கடை மெஷின் ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்டால் டாலரைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையிலும் கை வைப்பார்கள்.