கண்ணும் காதும் போன மணியும் இரண்டு மாதக் குட்டியும்

கேள்வி: எங்கள் நாய் மணிக்கு 13 வயது, ஸ்பிட்ஸ் இனம். இரண்டு வருடமாகக் கண் தெரியவில்லை. ஆறு மாதமாகக் காதும் கேட்பதில்லை. போன வாரம் மகன் இரண்டு மாத ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். அது மேலே போய் விழுந்ததும் மணி திரும்பிக் கடித்துவிட்டது. காயம் இல்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது டாக்டர். குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் இரண்டையும் ஒரே கூடத்தில் விட்டுவிட்டு, 'தானாகப் பழகிக்கொள்ளும்' என்று இருந்துவிடவும் வேண்டாம்.

மணி தூங்கிக்கொண்டிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தூங்கியிருந்தால் கடித்ததில் ஆச்சரியமே இல்லை. அசந்து தூங்கும்போது யாராவது மேலே விழுந்தால் நமக்கே கை ஓங்கும். விழித்திருந்தாலும் அதன் பாடு கஷ்டம்தான். குட்டி முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கி வாலாட்டினால் 'விளையாட வா' என்று அர்த்தம். மணிக்கு அது தெரியாது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. பெரிய நாய் கொஞ்சம் அழுத்திக் கவ்விவிட்டால் குட்டி வீல் என்று கத்தும், பெரியது சட்டென்று வாயை எடுக்கும். நாய்களுக்குள் இருக்கிற பிரேக் அது. மணியின் காதில் அந்தக் கத்தல் விழாது. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மணி உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். குட்டியைத் தூக்கி அப்பால் விடுங்கள், போதும்.

மணி இப்போது மூக்காலும் பாதத்தாலும்தான் வீட்டைப் பார்க்கிறது. அதனால் முதல் அறிமுகம் வாசனையாக இருக்கட்டும். குட்டியின் உடம்பில் தேய்த்த பழைய துணியை மணி நடமாடும் இடத்தில் போடுங்கள், படுக்கையில் மட்டும் வேண்டாம். மணியைத் துடைத்த துணியைக் குட்டியிடம் போடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, குட்டி ஓடியாடிக் களைத்த நேரமாகப் பார்த்துச் சங்கிலியில் பிடித்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மணி தானாக வந்து மோந்துபார்க்கட்டும். விலகிப் போனால் போகட்டும், இழுத்து வராதீர்கள். இரண்டு நிமிஷம் போதும்.

மணியின் தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, நாற்காலி எதையும் இடம் மாற்றாதீர்கள். குட்டியின் பொம்மைகள் நடைவழியில் கிடக்கக் கூடாது. சாப்பாடு தனித்தனி அறையில். மணியை எழுப்ப வேண்டுமானால் மூக்கருகே கையை நீட்டி, மூக்கு அசைந்த பிறகு தோளில் தொடுங்கள். யார் எழுப்பினாலும் அதே தோள், அதே மாதிரி.

குட்டிக்குச் சலங்கை கட்டச் சொல்வார்கள். மணிக்குக் கேட்காதே என்பீர்கள்! உங்களுக்காகக் கட்டுங்கள். அடுப்படியில் நிற்கும்போது குட்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

ராஜபாளையம் என்பதால் இரண்டு விஷயம். ஒன்று, இன்னும் சில மாதத்தில் அது மணியைவிடப் பெரிதாகிவிடும். அப்போது விளையாட்டாக இடித்தாலே மணி சுருண்டு விழும். 'மேலே தாவாதே' என்பதை இப்போதே பழக்க வேண்டும். இரண்டு, இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டி தூங்கும்போது அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மணியையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வயதாகிவிட்டது என்று எல்லாவற்றையும் வயதின் மேல் போட முடியாது. கண் சிவந்தோ புடைத்தோ இருந்தால் கண் அழுத்தமாக இருக்கலாம், வலி கடுமையாக இருக்கும். தண்ணீர் அதிகமாகக் குடித்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். காதில் சீழ், ஆடும் பல், இடுப்பு மூட்டு வலி, இதில் எது இருந்தாலும் தொட்டவுடன் கடிக்கும். வலி குறைந்ததும் பாதி 'கோபம்' காணாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசியை இப்போதே தொடங்கி 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும். மணிக்குத் தவணை விட்டுப்போயிருந்தால் அதையும் கேளுங்கள். குட்டியின் பல் வீட்டில் யார் மேல் பட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று விடக் கூடாது.

என்னிடம் வரும் ஒரு கிழட்டு டாஷ்ஹண்ட் நாய்க்கும் இதே நிலைமைதான். முதல் மாதம் குட்டியைக் கிட்டவே சேர்க்கவில்லை. இப்போது அதன் விலாவில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாசல்வரை போகிறது. எல்லா வீட்டிலும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். மணி கடைசிவரை விலகியே படுத்தாலும் அதில் தப்பில்லை. காலையில் மணியை மட்டும் தனியாக வெளியே கூட்டிப்போகும் வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள்.