ஒரே அறை, இரண்டு போர்வை

கேள்வி: சிறு நகரம் ஒன்றின் ஓரத்தில், பழைய கல் வீட்டில் நானும் என் கணவரும் வசிக்கிறோம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு வாரம் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பது வழக்கம். சென்ற முறை அந்த வாரம் பாழாகிவிட்டது. விறகடுப்பு புகைந்தது. ஜன்னல்களில் நீர் வழிந்தது. படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. எனக்கு எப்போதும் குளிர், அவருக்கு எப்போதும் புழுக்கம். நான் மூடுகிற ஜன்னலை அவர் திறந்துவிடுவார். நான்காம் நாள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருந்தோம். இந்த முறை பயணமோ விருந்தாளிகளோ வேண்டாம், ஏழு நாள் அமைதியாக இருந்தால் போதும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஜன்னலில் வழியும் நீரிலிருந்தே தொடங்குங்கள். புகை, பூஞ்சை, புழுக்கம், குளிர் என நான்கு தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். நான்கிலும் ஈரத்துக்குப் பங்கு உண்டு. விறகின் ஈரம் புகையாகிறது, காற்றின் ஈரம் சுவரில் படிந்து பூஞ்சையாகிறது. அதே ஈரக் காற்று அவருக்குப் புழுக்கமாகவும், ஈரம் ஏறிய படுக்கையும் சுவரும் உங்களுக்குக் குளிராகவும் தெரிகின்றன. அவர் ஜன்னலைத் திறப்பதும் சரி, நீங்கள் மூடுவதும் சரி. திறக்கும் விதத்தில்தான் பிசகு.

20 டிகிரி சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. அதனால்தான் அறையின் சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் மிஞ்சிய நீரை அங்கேயே விட்டுவிடுகிறது. அறை 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால், சுமார் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடமும் வியர்க்கும். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வெளியே 0 டிகிரியில் பனி கொட்டிக்கொண்டிருந்தாலும், அந்தக் காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். வெளியே ஈரமாயிற்றே என்று ஜன்னலைத் திறக்கத் தயங்க வேண்டாம்.

நாள் முழுவதும் ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைப்பதுதான் கெடுதல். காற்று போதுமான அளவு மாறாது. ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து போய் அங்கேயே பூஞ்சை தொடங்கும். அதற்குப் பதிலாக, வீட்டின் எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டை முழுவதுமாகத் திறந்து, 5 முதல் 10 நிமிடத்தில் மூடிவிடுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முறை, சமைத்தோ குளித்தோ முடித்த பிறகு ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை. அந்தப் பத்து நிமிடத்தில் காற்று மட்டுமே மாறும். கல் சுவரும் நாற்காலியும் பிடித்து வைத்திருக்கும் சூடு அப்படியே இருப்பதால் அறை சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். திறக்கும் வேலை அவருடையது, கடிகாரம் பார்த்து மூடும் வேலை உங்களுடையது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரித் தட்டில் வையுங்கள். 40 முதல் 60 வரை இருந்தால் நல்லது. இருவர் ஓர் இரவு தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் நீர் அறையில் சேர்ந்துவிடும். ஒரு தடவை துவைத்த துணிகளை எல்லாம் உள்ளே காயப்போட்டால் இன்னும் ஏறக்குறைய 2 லிட்டர். விடுப்பு வாரத்தில் பெரிய துணிமணிகளைத் துவைக்காமல் தள்ளிப்போடுவது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் ஒரே அறையில் கதவைச் சாத்திக் காயப்போட்டு, அந்த அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

படுக்கையறைப் பூஞ்சைக்கு வருவோம். இதில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பகல் முழுவதும் படுக்கையறையைச் சூடாக்காமல் விட்டுவிட்டு, இரவில் கூடத்துக் கதவைத் திறந்து "கொஞ்சம் சூடு அங்கேயும் போகட்டும்" என்று விடுவார்கள். போவது சூடு கொஞ்சம், ஈரம் அதிகம். சமையலும் மூச்சும் கலந்த அந்தக் காற்று, வீட்டிலேயே குளிர்ந்த சுவரைத் தேடிப்போய்ப் படியும். அந்தச் சுவர் பெரும்பாலும் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர்தான். படுக்கையறைக் கதவைச் சாத்தியே வைத்து, அதற்கெனக் குறைந்த சூட்டை நாள் முழுவதும் கொடுங்கள். 18 டிகிரி போதும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் அளவு தள்ளி வையுங்கள். இடமில்லாவிட்டால் நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். முடிந்தால் வெளிச்சுவரை விட்டு உட்சுவருக்கே மாற்றிவிடுங்கள். பூஞ்சை பிடித்த இடம் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சோப்புத் தூள் கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். உலர்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள், விதைத்தூள் அறையெங்கும் பறக்கும். மேலே வண்ணம் பூசி மறைத்தால் சில மாதங்களில் திரும்ப எட்டிப்பார்க்கும்.

இனி அடுப்பு. உங்கள் அடுப்பு புகைவதற்கு முதல் சந்தேகம் விறகின் மேல்தான். எரிக்கத் தகுந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விறகு ஈரமானியை வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வெளித்தோல் காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கட்டையை நடுவில் பிளந்து, புதிதாக வெளியே வந்த முகத்தில் ஊசிகளைக் குத்திப் பாருங்கள். மானி இல்லையென்றால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று மந்தமாகக் கேட்கும். காய்ந்த கட்டையின் முனைகளில் நடுவிலிருந்து ஓரம்வரை வெடிப்புகள் ஓடியிருக்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வந்தால், அந்த நெருப்பு உங்களுக்குச் சூடு தருவதை விட்டுவிட்டு, கட்டையில் உள்ள நீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. ஈர விறகை அடுப்பருகில் ஒரு வாரம் அடுக்கினால் காய்ந்துவிடாது. கடினமான மரம் பிளந்த பிறகு காய ஓராண்டு முதல் இரண்டாண்டு பிடிக்கும். கையிருப்பு ஈரமென்றால் இந்த வாரத்துக்கு மட்டும் உலர்ந்த விறகு வாங்கிவிடுங்கள். பழையதைத் தரையில் படாமல், மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று புகும்படி அடுத்த குளிருக்காக அடுக்கி வையுங்கள்.

பற்றவைக்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல் இருக்கட்டும். அதன்மேல் பிளந்த பெரிய துண்டுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்காக நடுத்தரத் துண்டுகள் இரண்டு, அதன்மேல் விரல் தடிமனில் எட்டுப் பத்துச் சுள்ளிகள். நெருப்பு வைப்பது உச்சியில். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் புகை தீயைக் கடந்துதான் போக வேண்டும், அங்கேயே எரிந்துவிடும். காற்று வழிகளை முழுவதும் திறந்து தொடங்குங்கள். 15, 20 நிமிடம் கழித்துத் தீ நிலைத்த பிறகு சிறிது சிறிதாகக் குறையுங்கள். தீ மஞ்சளாகத் துள்ளி எரிய வேண்டும். சோம்பலாகச் சிவந்து அசைந்தால் காற்று போதவில்லை, கண்ணாடியும் கறுத்துப்போகும். பல நாள் எரியாத புகைபோக்கியில் குளிர்ந்த காற்று அடைப்பு மாதிரி நின்று, முதல் புகையை அறைக்குள்ளேயே தள்ளும். அப்போது புகைவாய்க்கு அருகே ஒரு தாள் செய்தித்தாளைக் கசக்கி எரித்துவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் புகையை உள்ளே இழுக்கும், நிறுத்திவிடுங்கள்.

விடியும்வரை தணல் இருக்கட்டுமே என்று இரவில் காற்றை அடைத்துவிட்டுப் படுக்காதீர்கள். மூச்சடைத்து எரியும் விறகு, புகைபோக்கியின் உட்புறத்தில் கீல் போன்ற கறையைப் பூசும். புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பது அந்தக் கறையால்தான். சென்ற ஆண்டு அவ்வளவு புகைந்திருக்கிறது என்றால், இந்த வாரம் முதல் தீ மூட்டும் முன் ஆளை வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் ஓரிரு நாள்கூடக் கங்கு கிடக்கும்.

புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை மட்டும் தொடாதீர்கள். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி அறையிலேயே சேரும். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. விறகடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து, வெளியே போனதும் குறைந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். உடனே வெளியேறி உதவிக்கு அழையுங்கள். அடுப்புக்கென விட்டிருக்கும் காற்றுத் துளையைக் குளிருக்காகத் துணி வைத்து அடைக்கவும் கூடாது.

இப்போது உங்கள் இருவரின் குளிரும் புழுக்கமும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருவரும் பகலில் இருக்கும் அந்த ஒரே அறையை 18 முதல் 20 டிகிரியில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். மிச்சக் குளிரை அறையை விட்டுவிட்டு ஆளிடம் தீர்க்க வேண்டும். முதலில் நீங்கள் உட்காரும் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சுவரையோ ஜன்னலையோ ஒட்டி இருந்தால், அறைக் காற்று 20 டிகிரியாக இருந்தாலும் குளிர்ந்த சுவர் உங்கள் முதுகுச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நாற்காலியை உட்சுவர்ப் பக்கம், அடுப்புக்கு எதிரே போடுங்கள். ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுங்கள். காலுக்குக் கீழே ஒரு தடித்த விரிப்பு, கம்பளிக் காலுறை.

படுக்கையில் ஒரே பெரிய போர்வையை இருவரும் பகிர்வதை நிறுத்துங்கள். ஒரே கட்டில், இரண்டு போர்வை: உங்களுடையது கனமானது, அவருடையது மெல்லியது. நள்ளிரவில் இழுபறி இல்லாமல் போனாலே பாதிச் சண்டை குறையும். உங்கள் பக்கத்துக்கு மட்டும் மின்சாரப் படுக்கை விரிப்பு வாங்கினால் அது 100 வாட்டுக்குள்தான் இழுக்கும். அறை ஹீட்டர் 2000 வாட் வரை இழுக்கும். சுடுநீர்ப் பை என்றால் கொதிக்கும் நீர் ஊற்றாமல், மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றைப் பிதுக்கிவிட்டு மூடுங்கள். ரப்பர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் புதியது வாங்குங்கள். படுக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே விரிப்புக்குள் வைத்துவிடலாம்.

வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் எதையும் திட்டமிடாதீர்கள். வேலைக் களைப்பு அப்போதுதான் இறங்கும், தூக்கமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். பணம், உறவினர், வீட்டுப் பழுது போன்ற பேச்சுகளை மூன்றாம் நாளுக்குத் தள்ளி, ஒரு காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி முடித்துவிடுங்கள்.

தினமும் நண்பகலை ஒட்டி வெளியே நடங்கள். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளிவெளிச்சம் விளக்கு போட்ட அறையைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் ஒழுங்காகும். ஒரு நாள் சேர்ந்து நடந்தால், மறுநாள் தனித்தனியாகப் போங்கள். ஒரே சூடான அறையில் இருக்கும் இருவருக்குத் தனிமை கிடைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒருவர் வெளியே இருக்கும் அந்த ஒரு மணி நேரம் வீடு மற்றவருக்கு.

மாலை சீக்கிரம் இருட்டிவிடும். கூரை விளக்கை அணைத்துவிட்டு இரண்டு சிறிய மேசை விளக்குகள் போடுங்கள். ஒருவர் வாய்விட்டு ஒரு அத்தியாயம் படிக்க மற்றவர் கேட்கலாம். 20 நிமிடத்தில் குரல் களைத்துவிடும், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். 1000 துண்டுப் படப்புதிர் முடிந்தால் ஏறக்குறைய 70 செ.மீ.க்கு 50 செ.மீ. இருக்கும். அதைவிடச் சற்றுப் பெரிய ஒட்டுப்பலகையில் வைத்துத் தொடங்கினால், மேசை தேவைப்படும்போது அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கைபேசிகளை வாசல் நடையிலேயே சார்ஜ் போட்டு வையுங்கள். பார்க்க வேண்டுமென்றால் எழுந்து குளிரில் போய் நிற்க வேண்டியிருப்பதால் தானாகவே குறைந்துவிடும்.

சென்ற முறை நான்காம் நாளில் நீங்கள் தனித்தனி அறைக்குப் போனதில் தப்பில்லை. ஏன் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. பேசாமலிருப்பது ஓய்வா, கோபமா என்று மற்றவர் ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த அறையில் எத்தனை விறகு எரித்தாலும் சூடு ஏறாது. "கோபமெல்லாம் இல்லைங்க, ஒரு மணி நேரம் படிச்சுட்டு வர்றேன்" என்று நேரத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவரும் அப்படியே சொல்லட்டும். சொன்ன நேரத்தில் திரும்பி வந்து பக்கத்தில் உட்காருங்கள்.