அரிக்கமேட்டில் நழுவிய கட்டடம்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கடலூர். புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு முடித்தேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, புதுச்சேரிக்கு அருகே பழைய துறைமுக ஊராக இருந்த அரிக்கமேட்டை ஏஆர் ப்ராஜெக்டாகச் செய்தோம். போன் திரையில், நிஜ இடத்தின் மேல் கணினியில் செய்த உருவத்தை நிற்கவைப்பதுதான் ஏஆர். அங்கே இருப்பது மாந்தோப்பும் ஒரு செங்கல் இடிபாடும்தான். போனைத் தூக்கிப் பிடித்தால் ரோமானியர் காலத்துக் கிடங்கு எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். யூனிட்டி என்ற மென்பொருளில் மூன்று மாத உழைப்பு. தோப்பில் ஓரளவு நின்றது. சுவருக்கு முன்னால் வந்த ஆடு மட்டும் திரையில் காணாமல் போனது. ஆடு மேய்த்த பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்மூரு ஆளு ஒருத்தரையும் காணோமே" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டோம். வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று லேபில் கட்டடம் வழுக்கிக்கொண்டே போய் பீரோவுக்குள் நின்றது. "இதனால யாருக்கு என்ன பயன்?" என்று தேர்வாளர் கேட்டார். வாயே திறக்க முடியவில்லை. பாஸ் ஆகிவிட்டோம், ஆனால் அந்த ஃபோல்டரைத் திறக்கவே மனம் வரவில்லை. வீடியோ இணைத்திருக்கிறேன்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வீடியோவை மூன்று முறை பார்த்தேன். கட்டடம் நழுவியதைப் பற்றி வருந்தாதீர்கள். போன் தரையில் மூலை, கறை, விரிசல் என்று தனித்துத் தெரியும் புள்ளிகளைத் தேடி, அவற்றை வைத்தே தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. உங்கள் லேபின் பளபளக்கும் வெள்ளை டைல்ஸில் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடைக்கவில்லை. தோப்பிலும் இலை நிழல் காற்றில் ஆடினால் கணக்கு தடுமாறும். நல்ல கோடும் புள்ளியும் உள்ள படம் ஒன்றை அச்சடித்து, போன் இடத்தை அடையாளம் காணும் மார்க்கராக வைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். ஆடு மறைந்ததற்கும் காரணம் உண்டு. ஆடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது போனுக்குத் தெரியாமல், சுவரை எல்லாவற்றுக்கும் மேலாக வரைந்துவிட்டது.

என்னை உறுத்தியது பாட்டி சொன்னதுதான். நீங்கள் சிரித்துக் கடந்த அந்த வரியில்தான் தேர்வாளருக்கான பதிலும் இருக்கிறது.

உங்கள் கிடங்கின் வாசலில் அங்கி அணிந்த ரோமானியர் இருவர் நிற்கிறார்கள். மாடி இருக்கிறது, சன்னல் இருக்கிறது. அதெல்லாம் எங்கிருந்து வந்தது? 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ஆற்றோரமாகச் சுமார் 45 மீட்டர் நீளச் செங்கல் கட்டடம் ஒன்றின் அடிச்சுவர்கள் கிடைத்தன. கிடங்காக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். அந்த 'இருக்கலாம்' உங்கள் திரையில் காணாமல் போய்விட்டது. எழுத்தில் 'போலும்' என்று ஒரு சொல் போட்டால் வாசகர் புரிந்துகொள்வார். கண்ணெதிரே செங்கல் செங்கலாக எழும் சுவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். முதல்முறை போனபோது நானே தோப்பில் வெளியே தெரியும் அந்தச் செங்கல் இடிபாட்டை ரோமானியச் சுவர் என்று நம்பித் தொட்டுப் பார்த்தேன். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது.

வீலர் அரிக்கமேட்டை ரோமானிய வணிகத்தால் எழுந்த ஊராகப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் தோண்டிய தொல்லியலாளர் விமலா பெக்லி, ரோமானியத் தொடர்புக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, பின்னும் நெடுங்காலம் இருந்தது என்று காட்டினார். தமிழ்ப் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்திருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன மணிகளும் வேலைக் கழிவுகளும் மண்ணுக்குள் இருந்தன. 1937இல் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு அந்த இடத்தின் அருமை தெரிந்ததே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த கற்களால்தான். இத்தனைக்கும் பிறகு உங்கள் வாசலில் நம்மூர் ஆள் ஒருவரும் இல்லை என்றால், பாட்டி கேட்டது நியாயம்தானே?

ஃபோல்டரைத் திறந்து மாடியை எடுத்துவிடுங்கள். தோண்டிக் கிடைத்த அடிச்சுவரை மட்டும் அழுத்தமாகக் காட்டுங்கள். அதற்கு மேலே ஊகம் எல்லாம் வெறும் கோடாக, பின்னாலிருக்கும் மாமரம் தெரியும்படி இருக்கட்டும். சான்று எது, ஊகம் எது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதை, 2006இல் உருவான லண்டன் சாசனம் இத்தகைய கணினிக் காட்சிகளுக்கு நெறியாகவே வைத்திருக்கிறது. ரோமானியர் வேண்டுமானால் ஓரமாக நிற்கட்டும். நடுவில் ஒரு பெண் மணி கோத்துக்கொண்டிருக்கட்டும். மணிகளின் நிறத்துக்குப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றை நேரில் பார்க்காமல் நிறம் தீட்டாதீர்கள்.

பிறகு ஒருநாள் வெயில் தாழ்ந்ததும் தோப்புக்குப் போங்கள், உச்சி வெயிலில் திரை தெரியாது. பாட்டி இருந்தால் போனை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.