கணினி கேள்வி–பதில்: பழுதான சர்வரிலிருந்து தளத்தைப் பத்திரமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: நீலகிரி மலை ரயிலைப் பற்றித் தமிழில் ஓர் இணையதளத்தைப் பொழுதுபோக்காகப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் பாதை வந்த வரலாறு, நிலையங்களின் பழைய படங்கள், எக்ஸ் வகை நீராவி என்ஜின்களின் விவரங்கள் எல்லாம் அதில் உள்ளன. சென்ற மாதம் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பழுதாகி, சில நாட்கள் தளம் திறக்கவே இல்லை. இப்போது திறக்கிறது, ஆனால் சில படங்களைக் காணவில்லை. வேறு சர்வருக்கு மாற்ற விரும்புகிறேன். மாற்றினால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும் என்று நண்பர் எச்சரிக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், குன்னூர்

பதில்: புதிய சர்வரைத் தேடுவதற்கு முன்பாக, பழைய சர்வர் திறந்திருக்கும் இன்றைக்கே அதிலுள்ள அனைத்தையும் நகலெடுத்துவிடுங்கள். ஒருமுறை விழுந்து, படங்களை இழந்து எழுந்த சர்வர் மறுபடியும் விழ வாய்ப்பு அதிகம். நகல் என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது என்பதையும் நினைவில் வையுங்கள். படங்களும் நிரல்களும் கோப்புகளாக இருக்கும். கட்டுரைகளும் படக்குறிப்புகளும் பெரும்பாலும் டேட்டாபேஸில், அதாவது தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் தரவுத்தளத்தில், இருக்கும். கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், எந்த ஆண்டில் எந்த நிலையத்தில் எடுத்த படம் என்பது தெரியாத வெறும் படக்குவியல்தான் மிஞ்சும்.

எடுத்த நகலை அந்த நிறுவனத்தின் வேறொரு சர்வரில் வைத்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். ஒரு நகல் உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கிலும் மற்றொன்று வேறு ஊரிலும் இருப்பது நல்லது. காணாமற்போன படங்களை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். எல்லாம் கிடைக்காவிட்டாலும் சில கிடைக்கக்கூடும்.

இனி, உங்கள் நண்பர் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். அது முற்றிலும் நியாயமானது என்பதாலும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன என்பதாலும் சற்று விரிவாகவே சொல்கிறேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் ‘மலை’ என்ற சொல்லுக்கு ம, ல, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள் உண்டு. அவற்றைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால், சொல் முழுவதும் ஒன்பது பைட்டாகச் சேமிக்கப்படும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பழைய பதிப்புகளில், நாம் வேறு எதையும் குறிப்பிடாவிட்டால், அட்டவணைகள், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ‘லத்தீன்-1’ என்ற அடையாளத்துடனேயே உருவாகும். 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் இந்த வழக்கம் மாறியது. ஆகவே பல பழைய தமிழ்த் தளங்களில் யுடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன்-1 என்ற தவறான அடையாளத்தின் கீழ் கிடக்கின்றன. எழுதும்போதும் படிக்கும்போதும் அதே தவறு நிகழ்வதால் தளத்தில் எழுத்துகள் சரியாகவே தெரியும். புதிய சர்வரோ அந்த அடையாளத்தை உண்மையென்று நம்பி, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக மாற்றுகிறது. ‘மலை’ இருந்த இடத்தில் ஒன்பது விசித்திரக் குறிகள் வந்து நிற்கின்றன.

இப்படி விசித்திரக் குறிகள் தெரிந்தால் கலங்க வேண்டாம். பைட்டுகள் அழியவில்லை, மீட்டுவிடலாம். டேட்டாபேஸை லத்தீன்-1 என்றே குறிப்பிட்டு, எந்த மாற்றமும் நிகழாதபடி ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பிலுள்ள அடையாளத்தை மட்டும், மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்-8-ஐக் குறிக்கும் ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று திருத்திப் புதிய சர்வரில் ஏற்றினால் தமிழ் திரும்ப வந்துவிடும். ஆனால் ‘மலை’ இருந்த இடத்தில் மூன்று கேள்விக்குறிகள் தெரிந்தால் கதை வேறு. தமிழை ஏற்காத ஒரு குறியீட்டுக்கு மாற்றப்பட்டதால் எழுத்துகள் அந்த நகலிலிருந்து போய்விட்டன. மூலத்திலிருந்து மறுபடி நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே, நகலை ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றித் தமிழைக் கண்ணால் படித்துப் பார்க்கும் வரையில் பழைய கணக்கை ரத்து செய்யாதீர்கள்.

கோப்புகளைக் குன்னூருக்கு இறக்கி மறுபடியும் மேலே ஏற்றுவதைவிட, பழைய சர்வரிலிருந்து புதியதற்கு நேரடியாக அனுப்புவதே மேல். நம் மலையில் மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வசதி இரண்டு இடங்களிலும் இருந்தால், ஆர்சிங்க் என்ற கருவி இடையில் தடைப்பட்டாலும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். பழைய சர்வர் விண்டோஸாகவும் புதியது லினக்ஸாகவும் இருந்தால், கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருந்தால், லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகக் கருதுவதால் மட்டுமே பல படங்கள் திறக்காமல் போகலாம். தளத்தின் நிரல்கள் பிஹெச்பி மொழியில் இருந்தால், இரு சர்வர்களிலும் அதன் பதிப்பையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டொமைன் பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்புவது கடைசி வேலையாகவே இருக்கட்டும். அதற்கு முன், உங்கள் கணினியிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய சர்வரின் ஐபி முகவரியையும் உங்கள் டொமைனையும் ஒரு வரியாகச் சேர்த்தால், உலகத்துக்குப் பழைய தளமே தெரிந்துகொண்டிருக்க, உங்களுக்கு மட்டும் புதியது திறக்கும். ஹில்குரோவ், ரன்னிமேடு பக்கங்களைத் திறந்து படங்களைப் பாருங்கள். தேடல் பெட்டியில் ‘கல்லாறு’ என்று தமிழில் அடித்து விடை வருகிறதா என்றும் பாருங்கள். பிறகு, டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் அளவை, அதாவது அந்தப் பதிவை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அது 86400 விநாடி என்றிருந்தால், மாற்றத்தை முழுவதும் உணரச் சிலருக்கு ஒரு நாள் ஆகலாம். ஓரிரு நாட்கள் முன்கூட்டியே 300 என்று குறைத்துவிட்டால் சில நிமிடங்களில் பெரும்பாலோர் புதிய தளத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த இடைவேளையில் புதிதாக எதையும் பதிவேற்றாதீர்கள். டொமைனின் பெயரில் மின்னஞ்சலும் வைத்திருந்தால், அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கங்களின் முகவரிகளை இந்தச் சாக்கில் அழகுபடுத்த வேண்டாம் என்பது என் உறுதியான வேண்டுகோள். உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் ஆசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும் நீங்கள் சர்வர் மாற்றியது தெரியவே கூடாது.

கேள்வி: பழனி மலையின் செடி கொடிகளைப் பற்றிச் சிறு தளம் வைத்திருக்கிறேன். ஹோஸ்டிங் நிறுவனத்தை நம்புவதைவிட, வீட்டிலுள்ள பழைய கணினியையே சர்வராக்கிவிடலாமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: வேண்டாம். மின்வெட்டு ஒருபுறமிருக்க, பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியை நேராக எட்டவே முடியாமல் போகலாம். அந்தக் கணினியை நகல் வைக்கும் இடமாகப் பயன்படுத்துங்கள். வாரந்தோறும் அது சர்வரிலிருந்து நகலைத் தானே இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். சர்வர் உங்கள் வீட்டுக் கணினிக்குள் வந்து எழுதும்படி அமைத்தால், சர்வருக்குள் புகுந்தவர் நகலையும் அழித்துவிட முடியும்.